ஒரு சாணுக்குள் பன்னிரண்டு கை

பங்குனித் திருவிழாவில் எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் சிலம்பு வாத்தியார் கம்பு சுற்றினார். அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்றைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, சட்டம் அடித்து, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நொடியில் 2000-ல் ஒரு பங்கு நேரம்தான் ஷட்டர் திறந்திருந்தது. புருவத்தில் நிற்கிற வியர்வை தெரியும். மூங்கில் கம்பின் கணுக்களை எண்ணலாம். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சுத்துனது எங்க?"

குறை சொல்கிற குரல் இல்லை அது. படத்துக்குள் எதையோ தேடினார், அகப்படவில்லை, கேட்டார். அவ்வளவுதான். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. 19 வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஆடாமல் அசையாமல் கூர்மையாக எடுப்பதுதான் திறமை என்று நினைத்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கூர்மையே கம்பின் உயிரை எடுத்துவிட்டது என்று 70 வயதைத் தாண்டிய ஒருவர் ஒரே கேள்வியில் காட்டிவிட்டார்.

அடுத்த வாரமே ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுத்துப் பார்த்தேன். நொடியில் 4-ல் ஒரு பங்கு. கம்பு, ஓடுகிற மின்விசிறி மாதிரி வெளுத்த வட்டமாக வந்தது. வாத்தியாரின் முகமும் தோளும் அதோடு சேர்ந்து கரைந்துவிட்டன. முதல் படத்தில் சுற்றியவர் இருந்தார், சுற்று இல்லை. இதில் சுற்று இருந்தது, சுற்றியவரைக் காணோம். வீடியோவில் இரண்டும் உண்டு. ஆனால் அதில் ஒவ்வொரு கணமும் வந்த வேகத்தில் போய்விடும். கம்பு எடுத்த இடம், வளைந்த இடம், விட்ட இடம் எல்லாம் ஒரே தாளில் ஒன்றாக நிற்க வேண்டும். வாத்தியார் கேட்டது அதைத்தான்.

என் ஃபிளாஷில் 'மல்ட்டி' என்று ஒரு மோட் இருக்கிறது. வாங்கி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பட்டனை நான் தொட்டதில்லை. கல்யாண வேலையில் அதற்குத் தேவை வந்ததே இல்லை. அதில் மூன்று எண்களைப் போட வேண்டும்: ஒவ்வொரு மின்னலுக்கும் எவ்வளவு பலம், நொடிக்கு எத்தனை மின்னல், மொத்தம் எத்தனை. நொடிக்கு 20 என்ற கணக்கில் 12 மின்னல் வேண்டுமென்றால் ஷட்டர் 0.6 நொடி திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் கும்மிருட்டு. ஷட்டர் திறந்தே கிடந்தாலும் வெளிச்சம் இல்லாத நேரத்தில் எதுவும் பதியாது. மின்னும் அந்தக் கணங்களில் மட்டும் கம்பு எங்கே இருந்ததோ, அங்கங்கே ஒவ்வொரு பிம்பம் விழும். 12 மின்னல், 12 கம்பு, ஒரே படம்.

இது புதிதல்ல. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் எட்ஜர்டன் மின் மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓடுகிற மோட்டாரின் வேகத்துக்கு இசைவாக ஒரு விளக்கு மின்னினால், மோட்டார் நின்றுவிட்ட மாதிரியே கண்ணுக்குத் தெரியும். அந்த வியப்பிலிருந்து தொடங்கி, வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி மின்னவைக்கும் ஸ்ட்ரோப் விளக்கை அவர் வளர்த்தெடுத்தார். நாம் கேமரா தலையில் மாட்டுகிற ஃபிளாஷ் அதன் வாரிசுதான். கோல்ஃப் மட்டை சுழல்வதையும் டென்னிஸ் அடியையும் அவர் பல மின்னல்களில் எடுத்த படங்கள் மலர் விரிந்த மாதிரி இருக்கும். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜியான் மிலி, அல்பேனியாவில் பிறந்தவர், மின் பொறியியல் படித்தவர், அதே விளக்கை எடுத்துக்கொண்டுபோய் நடனக்காரர்களையும் டிரம்ஸ் வாசிப்பவர்களையும் 'லைஃப்' பத்திரிகைக்காக எடுத்தார். மோட்டாரைப் பார்க்கப் பிறந்த வெளிச்சம் பத்தே வருஷத்துக்குள் மனிதர்கள் ஆடுவதைப் பார்க்க வந்துவிட்டது. எனக்கு இதில் பெரிய சந்தோஷம் இருக்கிறது.

வாத்தியாரைக் கூப்பிடும் முன்னால் கை பழக வேண்டும் என்று வீட்டிலேயே தொடங்கினேன். முதல் ஆள், எலுமிச்சம்பழம்.

ஹாலில் ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடி, சுவரில் கறுப்புத் துணி கட்டினேன். துணிக்கடையில் அளக்கிற மீட்டர் கோல் ஒன்றைப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினேன். அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஸ்டூலில் ஏறிப் பழத்தைப் பிடித்துக்கொண்டாள். "விடு" என்று சொல்லி ஷட்டரை அமுக்கினேன். ஃபிளாஷ் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது, பூச்சி இறகடிப்பது மாதிரி. கேமராத் திரையில் பார்த்தால், மேலே நெருக்கி நெருக்கியும் கீழே போகப்போக அகன்றும், மஞ்சள் மஞ்சளாக ஒரு கொத்து எலுமிச்சை தொங்குகிறது.

அவள் அதைவிட்டு நகரவில்லை. கீழே விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகப் பெருகும், கலிலியோ சொன்னது, பாடத்தில் இருக்கிறது என்றாள். சுவரில் படத்தைப் பெரிதாக்கி அளந்தாள். ஒற்றைப்படை வரவில்லை. முகம் வாடிவிட்டது. இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பிறகுதான் பிடிபட்டது: பழத்தை அவள் விட்ட கணமும் ஃபிளாஷ் முதலில் மின்னிய கணமும் ஒன்றல்ல. முதல் மின்னல் வருவதற்குள் பழம் கொஞ்சம் வேகம் எடுத்திருக்கும். அப்படியானால் ஒற்றைப்படைக் கணக்கு தப்பும். ஆனால் ஒரு இடைவெளிக்கும் அடுத்த இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறாது. எங்கே ஆரம்பித்தாலும், 20-ல் ஒரு நொடிக்கு ஒரு பிம்பம் என்றால், ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிட 2.45 செ.மீ. கூடிக்கொண்டே போக வேண்டும். மறுபடி அளந்தாள். 2.4, 2.5, 2.3, 2.6, 2.4. "சித்தப்பா, பூமி இழுக்கிறது நம்ம ஹால்ல தெரியுது" என்றாள்.

கலிலியோவுக்கு இப்படி மின்னும் விளக்கு இல்லை. நேராக விழுவது வேகமாக இருந்ததால் சாய்வான பலகையில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். அதை நினைத்துக்கொண்டு அந்த மஞ்சள் கொத்தைப் பார்த்தால் அவர்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

எலுமிச்சை ஒரு நாள் வேலை. கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான் நிறைய.

முதலில் சூடு. மல்ட்டி மோடில் ஃபிளாஷ் ரொம்பச் சூடாகும். பத்துத் தடவை அடித்தால் கால் மணி நேரம் ஓய்வு கொடுக்கச் சொல்லிக் கையேட்டிலேயே போட்டிருந்தது. படித்தும் கேட்கவில்லை நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அடித்துக்கொண்டே இருந்தேன். 30, 40 தடவை ஆகியிருக்கும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் நிறுத்தினேன். முகப்புத் தகடு நடுவில் பழுப்பேறி, ஒரு ஓரம் நெளிந்துவிட்டது. அன்றிலிருந்து சமையலறை டைமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை.

பலத்தைக் குறைத்து வைப்பதற்குக் காரணம் சூடு மட்டுமில்லை. ஃபிளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பலத்தில் ஒரு தடவை அடித்தால் தொட்டி காலி. மறுபடி நிறைய சில நொடிகள் ஆகும். 64-ல் ஒரு பங்கு பலத்தில் அடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்புதான் போகிறது, அதனால் அடுத்தடுத்து அள்ள முடிகிறது. இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம்: பலம் குறையக் குறைய மின்னல் நீடிக்கும் நேரமும் குறைகிறது. ஃபிளாஷில் வெளிச்சத்தைக் குறைப்பது என்பது மின்னலைச் சீக்கிரம் வெட்டிவிடுவதுதான். முழுப் பலத்தில் ஏறக்குறைய 300-ல் ஒரு நொடி நீடிக்கிற ஒளி, 64-ல் ஒரு பங்கில் 10,000-ல் ஒரு நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். சுழலும் கம்பு நுனி முன்னதில் 5 செ.மீ. இழுபட்டுக் கோடாகிவிடும். பின்னதில் ஒன்றரை மி.மீ.கூட நகராது. கணு தெரிகிற கூர்மை இதனால்தான் கிடைக்கிறது.

வெளிச்சம் குறைந்தால் படம் இருட்டாகாதா என்றால், ஆகும். ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்வு அளவை 800-க்கு ஏற்றி, லென்ஸின் துளையான அபெர்ச்சரை எஃப் 5.6 வரை திறக்க வேண்டியிருந்தது. பேட்டரியும் சாதாரண செல்லாக இருந்தால் தாங்காது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் நாலு போட்டால்தான் கடைசி மின்னல்வரை ஒரே அளவில் வரும்.

கம்புக்கு ஹால் போதாது. மொட்டை மாடிதான். அமாவாசைக்கு முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு வாத்தியாரும் அவர் பேத்தியும் வந்தார்கள். பேத்திக்கு 13 வயது, அவரிடமே கம்பு பழகுகிறாள். 5 மீட்டர் கறுப்பு வெல்வெட் துணியைக் கொடிக்கம்பியில் கட்டி, காற்றில் அலையாமல் அடியில் செங்கல் வைத்திருந்தேன். தெருவிளக்கு விழுகிற பக்கம் தார்ப்பாய். அதற்கு முன்னாலேயே இருவரிடமும், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டேன்: யாருக்காவது வலிப்பு வந்ததுண்டா என்று. நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னுகிற வெளிச்சம், வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு அதைத் தூண்டிவிடும். நான் வைத்திருந்த 20 என்பது அதற்குள்தான் வருகிறது. இந்த வேலையைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்காமல் பட்டனை அமுக்காதீர்கள்.

வாத்தியார் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி வந்திருந்தார். முதல் படத்தில் வேட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை! வெள்ளைத் துணி 12 மின்னலையும் வாங்கிக்கொண்டு ஒரு மேகமாக நின்றது. கை, கம்பு எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன. கறுப்பு டிரவுசர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கறுப்பைக் கட்டிக்கிட்டுக் கம்பைத் தொட்டதில்ல தம்பி" என்றார். வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை. பேத்தியை வீட்டுக்கு அனுப்பித் திருவிழாவுக்குத் தைத்த அரக்குச் சிவப்பு டிரவுசரை எடுத்துவரச் சொன்னார். அது சரியாகவே வந்தது. சிவப்பு, இருட்டோடு சண்டை போடாமல் அடங்கி நின்றது.

அடுத்தது தோல். வாத்தியார் நல்ல கறுப்பு. கறுப்புத் துணிக்கு முன்னால் கறுத்த உடம்பை எடுப்பதற்கு, முன்னாலிருந்து அடிக்கிற ஃபிளாஷ் உதவாது. உருவம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். இரண்டு ஃபிளாஷையும் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். அவரே, "எண்ணெய் தேய்ச்சுக்கவா?" என்று கேட்டார். நல்லெண்ணெய் பூசி நின்றதும் தோளின் விளிம்பும் முன்னங்கை நரம்பும் வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி மின்னின. நம் ஊர் உடம்புக்கு இந்த வெளிச்சம்தான் பொருத்தம் என்று அந்த நிமிஷமே தோன்றியது. இப்போது கல்யாண மண்டபத்திலும் மாப்பிள்ளைக்கு முகப்பவுடரை அப்பிவிடாமல் பக்கவாட்டு வெளிச்சம் வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு ஃபிளாஷ் வைத்ததில் ஒரு சிக்கல். இரண்டையும் மல்ட்டியில் போட்டு ஒரே ட்ரிக்கரில் தொடங்கிவைத்தால், ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி போகிறது. சேர்ந்து தொடங்கினாலும் போகப்போக முன்னே பின்னே ஆகிவிடுகிறது. ஒரு கம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, ஒட்டி ஒட்டி. ஒன்றை மட்டும் மல்ட்டியில் வைத்து, மற்றதை அதன் மின்னலைப் பார்த்து மின்னும்படி ஸ்லேவில் போட்ட பிறகு தீர்ந்தது. கம்பு நுனியில் ஒட்ட லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி வைத்திருந்தேன். அதுவும் பலன் தரவில்லை. அந்த ஸ்டிக்கர் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் பக்கவாட்டில் இருந்தால் ஃபிளாஷுக்கே போகும், கேமராவுக்கு வராது. எலக்ட்ரீசியன் சுற்றுகிற டேப்தான் கைகொடுத்தது. ஒரு நுனிக்கு வெள்ளை, மறு நுனிக்குச் சிவப்பு.

இரண்டு நிறம் எதற்கு என்றால், கம்புக்குத் தலை கால் கிடையாது. 50 பாகை திரும்பிய கம்பும் 230 பாகை திரும்பிய கம்பும் படத்தில் ஒன்றுபோலவே கிடக்கும். எந்த நுனி எங்கே போயிற்று என்று தெரிந்தால்தான் கணக்கு நிற்கும்.

வாத்தியார் சலாம் வைத்தார். அந்த இருட்டிலும், பார்க்க ஆளில்லாத மாடியிலும், தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி முறையாகவே வைத்தார். பிறகு கம்பு விர்ரென்று பேச ஆரம்பித்தது. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. டார்ச் அடித்து அவர் நிற்கும் இடத்துக்கு ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டேன், இனி காதுதான் கண். கம்பின் சத்தம் ஏறி இறங்கும். ஏறும் இடத்தில் அமுக்கினேன்.

ஒன்பதாவதோ பத்தாவதோ தடவை அந்தப் படம் வந்தது.

அவர் இடது தோளுக்கு மேலே தொடங்கி, தலையைச் சுற்றி, வலது முழங்காலுக்கு அருகே முடிகிற ஒரு விசிறி. 12 மடல். ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பு, கணுவோடு. வெள்ளை நுனிகளைச் சேர்த்தால் ஒரு வளைவு, சிவப்பு நுனிகளைச் சேர்த்தால் அதற்கு எதிரே இன்னொரு வளைவு. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் பாகைமானி வைத்து அளந்தேன், 50. அதாவது நொடிக்கு 1000 பாகை, ஏறக்குறைய இரண்டே முக்கால் சுற்று. கம்பு ஐந்தரை அடி. நடுப்பிடியிலிருந்து நுனிவரை 84 செ.மீ. நுனியின் வேகம் நொடிக்கு 14.7 மீட்டர் வருகிறது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். காலில் செருப்பில்லாமல், 70 தாண்டிய ஒருவர், இருட்டில்.

எனக்கு ஆனால் அந்தப் படத்தில் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பாதங்கள். இரண்டு பாதமும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தன. கம்பு ஒவ்வொரு இடத்திலும் ஒரு மின்னலைத்தான் வாங்கும். நகராத பாதம் 12-ஐயும் வாங்கும். பல மின்னல் படத்தின் தீராத தலைவலி இது. அசைவது மெல்லிசாகப் பதியும், அசையாதது வெந்துபோகும், அவயவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஊடே தெரியும். ஃபிரான்சில் எத்தியேன்-ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1880-களிலேயே இதோடு மல்லாடியிருக்கிறார். அவரிடம் ஃபிளாஷ் இல்லை. வெயிலில், ஆழமான கறுப்புக் கொட்டகைக்கு முன்னால் ஆளை நடக்கவிட்டு, துளையிட்ட தட்டு சுழலும் கேமராவில் ஒரே கண்ணாடித் தகட்டில் பல பிம்பங்களை எடுத்தார். பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று குழம்பின. அவர் செய்த தீர்வு அருமையானது: ஆளுக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடை போட்டு, கையிலும் காலிலும் எலும்பு போகும் வழியில் வெள்ளைக் கோடு, மூட்டுகளில் பளபளக்கும் குமிழ். உடம்பு மறைந்துபோய், நடை மட்டும் கோடு கோடாகத் தகட்டில் நின்றது. இன்றைக்கு சினிமாவில் நடிகர் உடம்பில் புள்ளி ஒட்டி அசைவைப் பிடிக்கிறார்களே, அதற்கு மூத்த பாட்டன் இது.

நானும் அட்டை வைத்துப் பாதத்துக்கு வெளிச்சம் போகாமல் மறைத்து இன்னொரு சுற்று எடுக்கலாம் என்று தயாரானேன். அதற்குள் வாத்தியார் லேப்டாப் பக்கம் வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டினார். எது முதல் பிம்பம், எது கடைசி என்று படத்தில் எந்த அடையாளமும் கிடையாது. அவர் ஆள்காட்டி விரலைத் தோளுக்கு மேலே வைத்து, "இங்க எடுத்தேன்" என்று தொடங்கி, மடல் மடலாக நகர்த்தி, முழங்காலுக்கு அருகே கொண்டுவந்து, "இங்க விட்டேன்" என்றார். பிறகு பாதத்துக்கு வந்தார்.

"கால் ஏன் வெளுத்திருக்கு?"

சொன்னேன். அசையாத இடத்தில் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும் என்று.

"அப்ப அது அப்படியே இருக்கட்டும். அசையலேங்கிறதுதான் அதுல இருக்கு."

அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். பாதத்தைக் கெட்டுப்போன பகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டார். இந்தப் படத்தில் வெளிச்சம் என்பது நேரம். எங்கே வெளுப்போ அங்கே உடம்பு தங்கியிருக்கிறது; எங்கே மெலிவோ அங்கே கடந்து போயிருக்கிறது. பிம்பங்கள் நெருங்கியிருந்தால் மெதுவு, அகன்றிருந்தால் வேகம். நான் எலுமிச்சம்பழத்தில் ஸ்கேல் வைத்து அளந்ததை அவர் கண்ணாலேயே அளந்தார்.

பேத்தியின் முறை வந்தது. அதே வீச்சு, அதே 12 மின்னல். அவள் கம்பு தாத்தா கம்பைவிட வேகம். 60 பாகை இடைவெளி. விசிறி அகலமாக, பார்க்க இன்னும் அழகாகவே இருந்தது. நான் கைதட்டினேன். வாத்தியார் பேசவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். முதலில் பாதம். அவருடையது இரண்டு வெள்ளைக் கட்டி. அவளுடையது நாலைந்து மங்கலான பாதங்கள், ஒன்றின்மேல் ஒன்று சரிந்து. அப்புறம் கை. கம்பைப் பிடித்த வலது கையைப் பெரிதாக்கச் சொன்னார்.

அங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் படத்தில் கம்பு நுனி மாடியையே சுற்றி வருகிறது, ஆனால் மணிக்கட்டின் 12 பிம்பங்களும் ஒரே கொத்தாகக் கிடக்கின்றன. தன் உடம்பிலேயே வைத்துக் காட்டுகிற மாதிரி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து மார்புக்கு நேரே பிடித்தார். "ஒரு சாண். இதுக்குள்ளதான் கை வேலை செய்யணும். முப்பது வருஷமா இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்றேன். ஒருத்தனுக்கும் காட்ட முடிஞ்சதில்ல." பேத்தியின் கை ஒரு முழத்துக்குச் சிதறியிருந்தது. தோளும் கூடவே இழுபட்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

பெரெனீஸ் ஆபட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1950-களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் பள்ளி இயற்பியல் பாடத்துக்காகப் பல மின்னல் படங்கள் எடுத்தார். அதில் ஒன்று, சுழன்றுகொண்டே சறுக்கிப் போகும் ஒரு ஸ்பேனர். அதன் நிறை மையத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். ஸ்பேனர் தலைகீழாகப் புரண்டுகொண்டே போகும். அந்தக் குறி மட்டும் நேர்கோட்டில், சம இடைவெளியில், தனக்கும் சுழற்சிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி போய்க்கொண்டிருக்கும். வாத்தியாரின் மணிக்கட்டைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குறிதான் ஞாபகம் வந்தது. அவர் ஸ்பேனர் படத்தைப் பார்த்ததில்லை. கம்பு எங்கே எடை தாங்குகிறதோ அந்த இடத்தைக் கையால் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே தங்கப் பழகியிருக்கிறார்.

அன்றிரவு 11 மணிவரை எடுத்தோம். இரட்டைக் கம்பு எடுத்துப் பார்த்தேன்; நெருக்கடி அதிகமாகி ஒன்றும் தெளியவில்லை. நொடிக்கு 30 மின்னலும் வேண்டாம், 20 போதும். கம்பு மெதுவாகப் போகிற வரிசைக்கு 10 வைத்தால் இன்னும் நல்லது. காற்றுக்கு இடம் விட்ட மாதிரி பிம்பங்கள் விலகி நிற்கின்றன. வெல்வெட் துணியை ஆளுக்கு 3 மீட்டர் பின்னால் தள்ளிய பிறகு பின்னணி சாம்பல் பூப்பது நின்றது. ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகக் குறையும். 12 தடவை பின்னணியில் விழுந்து சேர்வதை அடக்க, துணியின் கறுப்பைவிடத் தூரமே நல்ல மருந்து.

படங்கள் இரண்டையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். பழைய சட்டத்தில் இருந்த திருவிழாப் படத்தை எடுத்துவிட்டு வாத்தியார் புதியதை மாட்டியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. புதியவை இரண்டும் கம்பு பழகும் தோப்பில், தென்னை மரத்தில், பாலிதீன் உறைக்குள் ஆணியடித்துத் தொங்குகின்றன. வருகிற பிள்ளைகள் கம்பை எடுக்கும் முன்னால் வாத்தியார் கையின் மேல் தங்கள் சாணை விரித்து வைத்துப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் உறை அழுக்கேறி மங்கிவிட்டது.

ஏழு வாரம் கழித்து பேத்தி வீட்டுக்கு வந்தாள். கம்பின் இரு நுனியிலும் டேப் ஏற்கெனவே சுற்றியிருந்தது, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

"மாமா, அமாவாசை என்னைக்கு?"

அன்றைக்கு ஆறு தடவைதான் அடித்தோம். ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கி, அவளே திரையில் ஸ்கேல் வைத்தாள். தாத்தாவைக் கூப்பிடவில்லை. இரண்டு பாதமும் வெளுக்கத் தொடங்கியிருந்தன. கை ஒரு முழத்திலிருந்து ஒன்றரைச் சாணுக்கு வந்திருந்தது.

"இன்னும் அரைச் சாண்" என்றாள். ஃபிளாஷைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு ஆறட்டும் என்று டைமரைத் திருகிவைத்தாள்.